வீட்டுப் பராமரிப்பு: ஆள் தேடுவதும் ஆளைக் காப்பதும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மருத்துவத் துறையில் எங்கள் மாணவிகள்" என்ற பொருளில் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். அவர்களிடம் அனுமதி பெற்றுத் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். இந்தப் பாடசாலையில் படித்து டொக்டர்மாரானவர்களையும் தாதியரானவர்களையும் பற்றி இந்த மலரில் வேறு பக்கங்களில் படிப்பீர்கள். இங்கே படித்துவிட்டு, இன்று அயலில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவருடைய தாயைக் குளிக்கவார்த்து, உணவூட்டி, இரவில் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிற பெண்களும் இருக்கிறார்கள். எந்த மலரிலும் அவர்களுடைய படம் வருவதில்லை. அவர்களைப் பற்றியும், அவர்களைத் தேடி ஒரு வீட்டில் அமர்த்துகிற வேலையைப் பற்றியும் பேசப்போகிறேன்.

இந்த வேலைக்குள் நான் திட்டமிட்டு வரவில்லை. கிளினிக் முடிந்து வீட்டுக்கு வந்தால் வட்ஸ்அப்பில் அழைப்பு வரும். "அம்மா தனிய நிக்கிறா. ஒரு நல்ல ஆளாப் பாத்துத் தாங்கோ டொக்டர்." வாரத்துக்கு ஒன்றாவது வரும். ஓய்வுபெற்ற தாதியர் இருவரும் நானுமாகச் சேர்ந்து, நம்பிக்கையான பெண்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். இன்றும் எங்கள் அலுவலகம் அந்தக் கொப்பிதான். அதனால் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலில், இந்தத் தேவை எங்கள் ஊரில் ஏன் இவ்வளவு கூடியது என்று பார்ப்போம். 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் அது ஆறு இலட்சத்துக்கும் குறைவு. போனவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். அதே 2012 இல் நாடு முழுவதிலும் 100 பேரில் 12 பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் இல்லாத முற்றங்களில் தாய் தகப்பன் முதுமை அடைகிறார்கள் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன.

மயிலிட்டிக்கு இதற்கு மேலும் ஒரு கதை உண்டு. 1990 யூனில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பாடசாலையும் எங்களோடு இடம்பெயர்ந்தது. 27 ஆண்டுகளின் பின் 2017 யூலை 3 ஆம் திகதிதான் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டன. அதன் பின்னும் துண்டு துண்டாகத்தான் காணிகள் திரும்பின. போகும்போது நாற்பது வயதாக இருந்தவர்கள் அறுபத்தேழில் திரும்பினார்கள். "என்ர காணியில கண்ணை மூடவேணும்" என்று வந்தவர்கள் பலர். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, சிறிய வீடு கட்டினார்கள். பக்கத்துக் காணிக்காரர் வரவில்லை. முன்பு ஒருவர் விழுந்தால் வேலிக்கு மேலால் நாலு தலை தெரியும். இப்போது கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில்தான் அடுத்த வீடு.

எங்கள் ஊருக்கும் பராமரிப்புக்கும் பழைய தொடர்பு ஒன்றும் இருக்கிறது. மயிலிட்டியில் காசநோய் வைத்தியசாலை இருந்ததை மூத்தவர்கள் அறிவீர்கள். 1940களில் ஸ்ரெப்ரோமைசின் வருவதற்கு முன்பு உலகம் முழுவதும் காசநோய்க்குக் கொடுக்கப்பட்ட வைத்தியம் ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, இடைவிடாத பராமரிப்பு என்பவைதான். மருந்து வந்தபின் அந்தப் பழைய அறிவை நாங்கள் சிறிது மறந்தோம். பாரிசவாதம், மறதி நோய், முற்றிய புற்றுநோய், வயோதிபம் ஆகியவற்றில் மாத்திரை ஓரளவுக்குத்தான் உதவும். அடுத்த ஆறு மாதம் எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்தில் நிற்கிறவருடைய கைகளே பெரும்பாலும் தீர்மானிக்கும்.

அந்தக் கைகள் என்ன செய்கின்றன? படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். புரட்டாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் தோல் சிவக்கும். சிவப்பைக் கண்ட அன்றே பார்த்தால் மாறிவிடும். விட்டால் எலும்பு தெரியும்வரை புண்ணாகும். பாரிசவாதம் வந்தவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்தவேண்டும். கொடுத்த பின்னும் அரை மணித்தியாலம் அப்படியே வைத்திருக்கவேண்டும். படுத்தபடி பருக்கினால் கஞ்சி சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா வரும். சீனி வருத்தக்காரர் திடீரென வியர்த்து, தடுமாறி, உளறினால், உணர்வோடு இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுக்கவேண்டும். வாய் கோணி, ஒரு கை தூக்க முடியாமல் போனால் அயலாரைக் கேட்டுக்கொண்டு நில்லாமல் 1990 க்கு அழைக்கவேண்டும். அந்தச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடமாகாணத்தில் இருக்கிறது. சிறுநீர்க் குழாய் போட்டவருக்குப் பை எப்போதும் இடுப்பை விடக் கீழே இருக்கவேண்டும். இவற்றில் எதுவும் பெரிய படிப்பில்லை. ஆனால் தெரியாதவரால் நடக்கும் கேடு பெரிது.

இதைவிடக் கடினமானது மறதி நோய். பின்னேரம் ஆனதும் "வீட்டுக்குப் போகவேணும்" என்று நோயாளர் எழும்புவது உலகம் முழுவதும் காணப்படுவது. மயிலிட்டியில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. சொந்தக் காணியில், புதிதாகக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டே ஒரு ஐயா வீட்டுக்குப் போக வெளிக்கிடுவார். அவர் தேடுவது 1990 க்கு முந்திய வீடு. அந்த வீடும் இல்லை, அந்த ஒழுங்கையும் இல்லை. "இதுதானே ஐயா உங்கட வீடு" என்று வாதாடினால் அவருக்குக் கோபம் ஏறும். அவரைப் பார்த்த பெண் வாதாடவில்லை. "வாங்கோ ஐயா, போவம்" என்று கையைப் பிடித்துக் கடற்கரை வரைக்கும் நடத்திக் கொண்டுபோய், வள்ளங்களைக் காட்டி, பழைய கதை கேட்டு, களைத்ததும் திருப்பிக் கூட்டி வருவா. நித்திரைக் குளிசை கூட்டித் தரும்படி பிள்ளைகள் என்னிடம் கேட்டிருந்தார்கள். கூட்டவேண்டிய தேவை வரவில்லை.

இப்போது ஆள் அமர்த்துவதற்கு வருகிறேன். ஆள் தேடுவது கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆள் கிடைத்துவிடும், கிடைத்தவர் நிற்பதுதான் கடினம். முதல் மாதத்தில் எல்லாம் நன்றாக இருக்கும். மூன்றாம் மாதத்தில் "அந்தப் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் போட்டுது" என்று அழைப்பு வரும். போய் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான காரணங்கள்தான்.

முதற் காரணம் நித்திரை. "அம்மாவோட நிண்டால் காணும்" என்று சொல்லித்தான் அழைத்திருப்பார்கள். அம்மா இரவில் நான்கு தரம் எழும்புவா. பகலில் சமையல், உடுப்புத் தோய்ப்பு, முற்றம் கூட்டுவது. நாளுக்கு 24 மணித்தியாலம், கிழமைக்கு 7 நாள். இரண்டு மாதத்தில் எந்தப் பெண்ணும் உடைந்துவிடுவா. இரண்டாவது, வேலை எல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவரிடம் விருந்தாளிக்குச் சமைக்கவும், கோழிக்கூடு கழுவவும் சொல்வது. மூன்றாவது, சந்தேகம். ஒரு தோடு காணாமற் போனால் முதற் பார்வை யார் மேல் விழும் என்று உங்களுக்குத் தெரியும். நான்காவது, ஆண்கள் இருக்கும் வீடுகளில் பாதுகாப்பு. இதைப் பற்றி எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லமாட்டா. "அங்க எனக்குச் சரிவராது அக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வா. அந்த வசனத்தைக் கேட்டால் நாங்கள் மேலே விளக்கம் கேட்பதில்லை. அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

ஐந்தாவது காரணத்தை இந்த மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும். ஆள் கேட்டு வரும் அழைப்பின் முடிவில், குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும்: "ஆக்கள் எப்பிடி டொக்டர்?" என்ன கேட்கிறார்கள் என்பது உங்களுக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும். தாயின் மலத்தைத் துடைக்கிற கை, குசினிப் பானையைத் தொடக்கூடாது என்று நினைக்கிற வீட்டுக்கு நாங்கள் யாரையும் அனுப்புவதில்லை. இதைச் சொன்னபோது சிலர் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். சிலர் ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். அப்படிக் குசினிக்கு வெளியே நிறுத்தப்படவிருந்த ஒரு பெண், இன்று அந்த வீட்டு அம்மாவின் கட்டிலருகே இருந்து ஒரே கோப்பையில் சோறு குழைத்து ஊட்டுகிறா. அம்மா மற்ற எவரிடமும் வாய் திறப்பதில்லை.

இந்தப் பெண்கள் யார்? பலர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள், அல்லது பிள்ளைகளோடு தனித்து விடப்பட்டவர்கள். சிலர் முகாம்களில் வளர்ந்தவர்கள். சிலர் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர்களுடைய வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறா. உங்கள் அம்மாவைப் பார்க்க அவர்கள் வரும்போது, அந்தத் தாயைப் பன்னிரண்டு வயதுப் பேத்தி பார்க்கிறா. நான் கண்ட பலருக்கு எழுத்தில் உடன்படிக்கை இல்லை, சேமலாப நிதி இல்லை, சம்பளத்தோடு லீவு இல்லை. 2022 இல் ரூபாய் சரிந்தபோது வெளிநாட்டிலிருந்து வரும் காசின் பெறுமதி ரூபாயில் கூடியது. அரிசி, மா, பஸ் காசு எல்லாம் கூடின. பல வீடுகளில் இவர்களுடைய சம்பளம் மட்டும் பழைய இடத்தில் நின்றது. யாரும் வஞ்சகமாகச் செய்யவில்லை. கேட்க அவர்களுக்குக் கூச்சம், நினைக்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் சிலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இதே வேலையைத்தான் செய்கிறீர்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாவைத் தூக்குவதற்கு முன் உங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். முதுகு நோகாமல் தூக்கக் கருவி தந்தார்கள். மணிக்கணக்குக்குச் சம்பளம், வருடாந்த லீவு, முறைப்பாடு சொல்ல ஒரு இடம் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த வேலை எவ்வளவு களைப்பு என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுடைய அம்மாவை இங்கே பார்க்கிற பெண்ணுக்கு இவற்றில் எத்தனை இருக்கிறது? உங்கள் வேலையின் அருமை உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். வேறு யாருக்கும் இது இவ்வளவு சுலபமாக விளங்காது.

பிரித்தானியா 2022 இல் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு வேலை விசாவைத் திறந்து, 2025 யூலையில் புதிதாக எடுப்பதை நிறுத்தியது. ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் எங்கள் நாட்டிலிருந்து பராமரிப்பாளர்கள் போகிறார்கள். ஜப்பானில் 2000 ஆம் ஆண்டு முதல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே காப்புறுதி இருக்கிறது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் அதற்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். அதே 2000 ஆம் ஆண்டில் எங்கள் நாட்டில் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெற்றோரைக் கவனியாமல் விடக்கூடாது என்று அது பிள்ளைகளுக்குச் சொல்கிறது. அது நல்ல சட்டம். ஆனால் பிள்ளையின் இடத்தில் நின்று பார்க்கிறவருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு நாங்கள்தான் இன்னும் பதில் தேடவேண்டியிருக்கிறது.

நாங்கள் கைக்கொள்கிற சில ஒழுங்குகளைச் சொல்கிறேன். ஆள் அனுப்புவதற்கு முன் எங்களில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். எத்தனை தரம் தூக்கவேண்டும், கழிவறை எங்கே, அந்தப் பெண் படுப்பதற்குக் கதவு பூட்டக்கூடிய இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். எவை வேலை, எவை வேலையல்ல என்று ஒரு தாளில் தமிழில் எழுதி இரு பகுதியும் கையெழுத்து வைப்பார்கள். ஊசி போடுவதும் மருந்தின் அளவை மாற்றுவதும் அவருடைய வேலையல்ல. வங்கி அட்டை, பென்சன் புத்தகம், நகை எதுவும் அவருடைய பொறுப்பில் விடப்படாது. அது அவருக்கே பாதுகாப்பு. கிழமையில் ஒரு முழு நாள் ஓய்வு. அந்த நாளுக்கு வேறொருவர் வருவார். கட்டிலருகே ஒரு கொப்பி இருக்கும். சாப்பாடு, மலசலம், பிரஷர், நித்திரை எல்லாம் அதில் எழுதப்படும். கிளினிக்குக்கு அந்தக் கொப்பி வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கனடாவில் இருக்கும் மகனும் மகளும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தாலும், கொப்பியின் படத்தை இருவரும் பார்ப்பார்கள்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பராமரிப்பாளருக்கான தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் நாட்டில் உண்டு. அதைப் பெற்ற பெண் சம்பளம் பேசும்போது தலை நிமிர்ந்து பேசுகிறா. பயிற்சியை எங்கள் மொழியில், எங்கள் வீடுகளில் இருக்கும் பொருள்களை வைத்துக் கொடுக்கவேண்டும். இதற்கு எங்களுக்கு முன்மாதிரி தேடி எங்கும் போகவேண்டியதில்லை. 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். அறுவை வைத்தியத்தையே அன்று தமிழில் கற்பிக்க முடிந்தது என்றால், படுக்கைப் புண்ணைத் தடுப்பதை இன்று கற்பிக்க முடியாதா?

இவ்வளவு சிரமத்துக்குப் பிறகு இந்த வேலையில் என்ன பலன் என்று கேட்பீர்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையைப் பற்றி அறிவீர்கள். 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழும்பியது அது. அங்கே சிகிச்சை முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பப்பட்ட ஒரு அம்மாவுக்கு நாங்கள் ஒரு பெண்ணை அனுப்பினோம். வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுத்து, வாயை நனைத்து, தலை வாரி, பூ வைத்து, கடைசி ஏழு கிழமை பார்த்தா. ஒரு புண் வரவில்லை. அம்மா தன் வீட்டு விறாந்தையில், கடற்காற்று படுகிற கட்டிலில் போனா. அந்தப் பெண் எங்களிடம் வந்து, "அக்கா, என்ர அம்மா முள்ளிவாய்க்காலில போகேக்க நான் பக்கத்தில இல்லை. இந்த அம்மாவுக்காவது நிண்டன்" என்றா. சம்பளத்துக்கு வெளியே அவவுக்குக் கிடைத்தது அது. அதைச் சொல்லி அவவுடைய சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்க நான் உடன்படமாட்டேன். இரண்டும் அவவுக்கு உரியவை.

வேறு பலன்களும் உண்டு. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இனி எழும்பமாட்டா என்று எல்லோரும் சொன்ன ஆச்சி, வோக்கரோடு கிணற்றடி வரை போய் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிறா. பராமரிப்பு வேலையில் உழைத்த காசில் ஒரு தாயின் மகள் இப்போது தாதியர் பயிற்சியில் இருக்கிறா.

பழைய மாணவிகள் சங்கத்திடம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, சக்கர நாற்காலி, வோக்கர், கழிவறைக் கதிரை, காற்று மெத்தை ஆகியவற்றைச் சேர்த்து வைத்து இரவல் கொடுக்கப் பாடசாலைக்கு அருகே ஒரு அறை. ஒருவருக்குத் தேவை முடிந்ததும் மற்றவருக்குப் போகட்டும். இரண்டாவது, ஓய்வு நாளில் மாறி நிற்க இரண்டு பெண்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துவது. வெளிநாட்டுக் கிளைகள் சேர்ந்தால் இது பாரமாக இராது. மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டும் பாடசாலையை விட்டு வெளியேறும் மாணவிகளில் விரும்புகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் பயிற்சிக்கான உதவிப்பணம். நான்காவதுக்குக் காசு தேவையில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் பெற்றோரையோ மாமா மாமியையோ பார்க்கிற பெண்ணிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நேற்று இரவு எத்தனை மணித்தியாலம் படுத்தீர்கள்? கடைசியாக எப்போது உங்கள் வீட்டுக்குப் போனீர்கள்? உங்கள் சம்பளம் கடைசியாக எப்போது கூடியது? பதில் உங்களுக்குத் திருப்தி தந்தால் நல்லது. தராவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தப் பாடசாலை இடம்பெயர்ந்த காலத்தில் கொட்டிலுக்குள் நிலத்தில் இருத்தி எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த ஆசிரியைமாரில் சிலர் இப்போது படுக்கையில் இருக்கிறார்கள். அவர்களை நல்ல கைகளில் ஒப்படைப்பதும், அந்தக் கைகளை நாங்கள் தாங்குவதும் இந்த நூற்றாண்டில் எங்களுக்கு வந்திருக்கும் கடமை.